பாகம் எண் நூற்றுப் பன்னிரண்டு

அங்கன்வாடிப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு
சத்துமாவுப் பெட்டிமேல் வாக்காளர் பட்டியலை விரித்தேன்.
பெயர் நீக்கும் வேலை எனக்கு.
நீக்குவதற்கு முன், சும்மா, எண்ணிப் பார்த்தேன்.
ஆயிரத்து நாற்பத்தாறு பேர்.
அதில் 'அரவ' என்ற இண்டிபேரு இருநூற்றுப் பதினொன்று.
பக்கத்து விசைத்தறிச் சத்தத்தில் இரண்டு தடவை தப்பி
மூன்றாம் தடவைதான் கணக்கு நின்றது.

அந்தப் பேர் யாருக்கும் பிறப்பில் வந்ததில்லை.
எல்லைக் கோடு கிழித்து
எங்களை ஆந்திரத்துப் பக்கம் விட்ட வருஷம்
படிவத்தோடு ஒரு குமாஸ்தா வந்தாராம்.
"இண்டிபேரு?"
"அப்பா பேரு பச்சையப்பன், அதனால் ப" என்றார் தனகோட்டி.
"எழுத்து வேண்டாம். வீட்டுப் பேர்."
"ஓலைக் கொட்டகைக்கு ஏதுங்க பேரு?"
வெயில். குமாஸ்தா பேனாவை உதறி
அரவ என்று எழுதினார்.
தமிழன் என்று அர்த்தம்.
சொல்கிற வாயைப் பொறுத்து
கொஞ்சம் இளக்காரமும் உண்டு.
அடுத்த வீட்டுக்கும் அதுவே, அதற்கடுத்த வீட்டுக்கும்.
பொழுது சாய்வதற்குள்
ஒட்டும் உறவும் இல்லாத முப்பது குடும்பம்
பங்காளி ஆகிவிட்டது.

எத்திராஜுக்கு மாமன் மகள் லோகநாயகியைப் பேசி முடித்தபோது
புத்தூர்ப் புரோகிதர் ஓலையைக் கீழே வைத்தார்:
இரண்டு பக்கமும் அரவ,
அண்ணன் தங்கைக்கு முகூர்த்தம் குறிக்கமாட்டேன்.
வேறு ஐயரைத் தேடினார்கள்.
பேரன் எடுத்தாயிற்று. இன்னும் அவளைத்
'தங்கச்சி' என்று கூப்பிட்டுத்தான் வம்பிழுப்பார்.

பழைய பட்டியல் ஒன்று என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது,
இருபது வருஷத்துக்கு முந்தையது.
அதில் அரவ முந்நூற்று நாற்பது.
சாவு மட்டும் தின்னவில்லை.
ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போனவர்கள்
திருத்தணி தாண்டியதும் அதை ஓரெழுத்தாக்கி
ஒரு புள்ளி வைத்துவிட்டார்கள்.
திருப்பதிக் காலேஜில் பையனைக் கிண்டல் செய்தார்கள் என்று
ஒரு குடும்பம் மொத்தமும் கெஜட்டில் 'அரவிந்தம்' ஆனது.
பெண்கள் கட்டிக்கொண்டு போனோம்.
அந்தக் கழித்தலில் நானும் ஒன்று.

நான் போய்ச் சேர்ந்த பேர் கொத்தபாவி.
தெலுங்கில் புதுக் கிணறு.
தமிழில் வாசித்தால், என் அண்ணி சொன்னது போல,
"போயும் போயும் பாவி வீட்டுக்கா?"
யார் வெட்டிய கிணறு, எப்போது புதிதாக இருந்தது,
வீட்டுக்காரருக்குத் தெரியாது.
தூர்த்த இடத்தில் இப்போது செல்போன் டவர்.
பழைய பட்டியலில் கொத்தபாவி ஏழு.
இதில் மூன்று.
அவர், நான், மூத்தவள் மோகனப்ரியா.
தை பிறந்தால் அவளும் பள்ளிப்பட்டுக்குப் போகிறாள்.
அவள் பேர்மேல் கோடு நான்தான் இழுக்கவேண்டும்.
சிவப்புப் பேனா, ஸ்கேல் வைத்து.

அப்போதுதான் போன் அடித்தது. வரப்போகிற மருமகன்.
குவைத் வேலைக்கு ஏதோ படிவம் நிரப்புகிறானாம்.
"அத்தை, குடும்பப் பேருன்னு ஒரு கட்டம், நட்சத்திரம் போட்டிருக்கு.
எங்க பக்கம்தான் அப்படி ஒண்ணு கிடையாதே.
காலியா விட்டா அடுத்த பக்கம் திறக்கமாட்டேங்குது.
உங்களுது போட்டுக்கட்டுமா?"
எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றேனா, நினைவில்லை.
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
"பாவியா?" என்றான்.
"பாவிதான். கிணறு" என்றேன்.
ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவது கேட்டது.

மூன்று என்று எழுதியதன் பக்கத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அவன் வேறு மாநிலத்து வாக்காளன்,
என் பாகத்தில் அவனைக் கூட்ட வழியில்லை.
எந்தப் பாகத்தில் கூட்டுவார்கள்,
அங்கே யாராவது எண்ணுவார்களா?
தறி நின்றது. கரண்டு போய்விட்டது.
திடீர் அமைதியில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக விழித்து
அழத் தொடங்கின.